டிசி மின்சாரத்தை அறுப்பது ஏன் கடினம்? நடுத்தர மின்னழுத்த பிரேக்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்ச்கியர் தொழிலில் இருப்பதால் பொறியியல் மாணவர்கள், துணை மின்நிலையப் பணியாளர்கள், சோலார் ஒப்பந்தக்காரர்கள் எனப் பலரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்ன கணக்குகளை நம்பி நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஏசியில் சர்க்யூட் பிரேக்கர் நூறு வருடமாக ஒழுங்காக வேலை செய்கிறதே, டிசிக்கு மட்டும் என்ன கேடு?

பிரேக்கர் என்பது பழுது வந்ததும் சுற்றை அறுக்கும் தானியங்கி சுவிட்ச். ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) பிரேக்கர் காத்திருந்து காரியம் சாதிப்பது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை தானாகவே பூஜ்யத்தைத் தொடுகிறது. தொடுமுனைகள் பிரிகின்றன, நடுவே மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் தீப்பிழம்பு போன்ற மின்னோட்டம்) எரிகிறது, அதிகபட்சம் 10 மில்லி வினாடிக்குள் பூஜ்யம் வருகிறது, வில் அணைகிறது. அணைந்தது மறுபடி பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரேக்கரின் பெரும்பாலான வேலை. ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்தப் பூஜ்யம் வராது. தொடுமுனைகளைப் பிரித்தாலும் வில் எரிந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் தொடுமுனை உருகும், பெட்டி எரியும்.

ஆகவே பூஜ்யத்தை டிசி பிரேக்கர் தானே உண்டாக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, மின்மூலத்தின் அழுத்தத்தைவிடப் பெரிய ஓர் எதிர் மின்னழுத்தத்தைச் சுற்றில் நுழைப்பது. இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓடும் மின்னோட்டம் கம்பியின் மின்தூண்டலில் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. மோட்டார் ஓடும்போது பம்பு செட்டின் வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் அதிருமே, அதே சங்கதிதான். அந்த ஆற்றலை யாராவது விழுங்கியாக வேண்டும். எதிர் அழுத்தத்தை உருவாக்குவது எது, ஆற்றலை விழுங்குவது எது, இரண்டும் எத்தனை சீக்கிரம் நடக்கின்றன: எந்த டிசி பிரேக்கரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

நடுத்தர மின்னழுத்தம் என்றால் எத்தனை வோல்ட்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளாளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரங்களின்படி 1,500 வோல்ட் வரை டிசி தாழ்வழுத்தம். மின்பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ கப்பல்களுக்காக வெளியிட்ட 1709 பரிந்துரை 1 முதல் 35 கிலோவோல்ட் வரை பேசுகிறது. வேறு சில ஆவணங்கள் மேல் எல்லையை 100 கிலோவோல்ட் வரை கொண்டுபோகின்றன. இந்தப் பக்கத்தில் 1.5 கிலோவோல்ட்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோவோல்ட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட் இணைப்பு போன்றவை உயரழுத்த வகை. அங்கிருந்து சில பாடங்களை மட்டும் கடன் வாங்குவோம்.

கூரை சோலாருக்கு வீட்டில் மிச்சமிருக்கும் ஏசி எம்சிபியை (மின்பலகையில் இருக்கும் சிறிய பிரேக்கர்) போடலாமா?

கூடாது. இது தாழ்வழுத்த விஷயம் என்றாலும் இதைக் கேட்காத கூட்டமே இல்லை. சோலார் பேனல் வரிசை 600 வோல்ட், 1,000 வோல்ட் டிசி தரும். ஏசி எம்சிபி பூஜ்யத்துக்காகக் காத்திருக்கும், பூஜ்யம் வராது, எம்சிபி எரியும்.

டிசி எம்சிபி வாங்கினாலும் அதன்மேல் கூட்டல், கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகைக்குள் ஒரு நிலைக்காந்தம் மின்வில்லைத் தகட்டுக் கூண்டுக்குள் தள்ளுகிறது. திசை மாற்றி இணைத்தால் அதே காந்தம் வில்லை எதிர்ப்பக்கம், இயங்கு உறுப்புகளை நோக்கித் தள்ளும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. டிரிப் ஆக வேண்டிய நாளில்தான் தெரியும்.

ரயில்கள் டிசியில் ஓடினவே. அப்போது எப்படி அறுத்தார்கள்?

நல்ல கேள்வி. நடுத்தர அழுத்த டிசி புதிது என்று நினைப்பவர்களுக்கு நான் ரயிலைத்தான் காட்டுவேன். 1925-ல் பம்பாயிலும் 1931-ல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்திலும் மின்சார ரயில்கள் 1,500 வோல்ட் டிசியில்தான் ஓடத் தொடங்கின. சென்னை 1960களில் 25 கிலோவோல்ட் ஏசிக்கு மாறிவிட்டது. மும்பை புறநகர்த் தடங்கள் முழுவதும் மாறி முடிய 2016 ஆயிற்று. இத்தாலி, பெல்ஜியம், போலந்து நாடுகளில் 3,000 வோல்ட் டிசி இன்றும் ஓடுகிறது. பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களில் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டில் இருப்பது 750 வோல்ட் டிசி.

அங்கெல்லாம் வேலை செய்வது அதிவேகக் காற்று பிரேக்கர். தொடுமுனைகள் பிரிந்ததும் எழும் வில்லை, மின்னோட்டத்தின் சொந்தக் காந்தப்புலமே மேலே தள்ளி உலோகத் தகடுகளின் அடுக்குக்குள் ஏற்றுகிறது. ஒரே வில் பல துண்டுகளாக உடைகிறது. இரு தகடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டும் சுமார் 20 முதல் 30 வோல்ட்டைத் தின்னும். நூற்றுச் சொச்சம் தகடுகள் இருந்தால் 3,000 வோல்ட்டைத் தாண்டிய எதிர் அழுத்தம் கிடைத்துவிடும். எதிர் அழுத்தத்தை உருவாக்குவதும் ஆற்றலை வெப்பமாகக் கரைப்பதும் அந்த வில்லே. தொழில்நுட்பம் பழையது, முரட்டுத்தனமானது; நம்பகமானதும்கூட. மட்டமாகப் பேசுபவர்கள் ஒரு ரயில் துணை மின்நிலையத்தில் அது வருடக்கணக்கில் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அதையே பெரிதாகச் செய்து 10 கிலோவோல்ட்டுக்கு வைக்கலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோவோல்ட்டை அடக்க 15 கிலோவோல்ட் எதிர் அழுத்தம் வேண்டும் என்றால், துண்டுக்கு 25 வோல்ட் வீதம் 600 துண்டுகள். அத்தனை தகடுகளுக்குள்ளும் வில் ஒரே சமயத்தில் ஏற வேண்டும். நடுவில் எங்கும் குறுக்கே தாவக்கூடாது. மேலே கக்கும் சூடான வாயு பக்கத்திலுள்ள எதையும் தொடாத அளவுக்கு இடம் விட வேண்டும். பெட்டி அறையாகிவிடும். மூன்று நான்கு கிலோவோல்ட்டுக்கு மேல் இந்த வழி நடைமுறைக்கு ஒத்துவராமல் போவதற்குக் காரணம் இதுதான். வேகமும் போதாது.

வேகம் வேகம் என்கிறீர்கள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் மின்னோட்டம் நிஜமாக எவ்வளவு சீக்கிரம் ஏறும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி வரை இதையே பயன்படுத்துவேன். 10 கிலோவோல்ட் டிசி லைன், வழக்கமான மின்னோட்டம் 1,000 ஆம்பியர், அதாவது 10 மெகாவாட். சுற்றின் மொத்த மின்தூண்டல் 5 மில்லி ஹென்றி. ஷார்ட் ஆனதும் மின்னோட்டம் ஏறும் வேகம், அழுத்தத்தை மின்தூண்டலால் வகுத்தால் கிடைப்பது: மில்லி வினாடிக்கு 2,000 ஆம்பியர். மின்மூலம் தளராமல் 10 கிலோவோல்ட்டிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பழுது விழுந்து அரை மில்லி வினாடியில் 2,000 ஆம்பியர். 2 மில்லி வினாடியில் 5,000. 5 மில்லி வினாடியில் 11,000. ஏசியில் முதல் பூஜ்யம் வரக் காத்திருக்கும் நேரத்துக்குள் இங்கே காரியம் கெட்டுவிடும்.

ஏசியை டிசியாக மாற்றும் கன்வெர்ட்டரின் டிசி பக்கத்தில் பெரிய மின்தேக்கி (கெபாசிட்டர்) இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்திலேயே ஷார்ட் விழுந்தால் முதலில் அந்த மின்தேக்கி தன் சேமிப்பு முழுவதையும் கொட்டும். அது காலியான பிறகு, கன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்களை நிறுத்திவிட்டாலும் அவற்றோடு சேர்ந்திருக்கும் டையோடுகள் வழியாக ஏசி பக்கத்திலிருந்து மின்னோட்டம் வந்துகொண்டே இருக்கும். அந்த டையோடுகளைக் காப்பாற்றுவதுதான் பல சமயம் பிரேக்கரின் அவசரத்துக்கு நிஜமான காரணம். கேபிள் கொஞ்ச நேரம் தாங்கும். டையோடு தாங்காது.

சரி, அந்த ஆற்றல் எவ்வளவு? எங்கே போகிறது?

ரயில் பிரேக்கரைத் தவிர இனி வரும் எல்லா வகையிலும் அது போகுமிடம் ஒன்றுதான்: பிரேக்கருக்கு இணையாக நிற்கும் துத்தநாக ஆக்சைடு சர்ஜ் அரெஸ்டர். குறிப்பிட்ட அழுத்தம் வரை அது கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். அதைத் தாண்டினால் திறந்துகொண்டு அழுத்தத்தை அங்கேயே பிடித்து நிறுத்தும். நம் உதாரணத்தில் 15 கிலோவோல்ட்டில் பிடிப்பதாகக் கொள்வோம். 15 எதிராக 10. மீதி 5 கிலோவோல்ட்தான் மின்னோட்டத்தை இறக்குகிறது. 5,000 ஆம்பியர் இறங்க 5 மில்லி வினாடி ஆகும்.

மின்தூண்டலில் இருந்த ஆற்றல் 62.5 கிலோஜூல். பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் அரெஸ்டர் விழுங்குவது அதைப்போல் மூன்று மடங்கு, 187.5 கிலோஜூல். இறங்கிக்கொண்டிருக்கும் அந்த 5 மில்லி வினாடியிலும் மின்மூலம் சுற்றுக்குள் ஆற்றலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது அல்லவா? பிடிக்கும் அழுத்தத்தை 20 கிலோவோல்ட் ஆக்கினால் மூன்று மடங்கு இரண்டு மடங்காகும், நேரமும் பாதியாகும். பதிலுக்கு பிரேக்கர், கேபிள், காப்பு எல்லாம் 20 கிலோவோல்ட்டைத் தாங்கியாக வேண்டும்.

வெற்றிட பிரேக்கர் இருக்கிறதே, 11 கிலோவோல்ட் பேனல் எல்லாவற்றிலும் அதுதானே? டிசிக்கு ஆகாதா?

தனியாக ஆகாது. வெற்றிடத்தில் எரியும் வில் சில பத்து வோல்ட்டுக்கு மேல் எதிர்ப்புக் காட்டாது. ஏசியில் அது நல்ல குணம், ஏனென்றால் தொடுமுனை அதிகம் சூடாகாது. டிசியில் அதே குணம் அதைப் பயனற்றதாக்குகிறது.

ஆனால் வெற்றிடத்துக்கு வேறொரு திறமை உண்டு. பூஜ்யம் ஒன்று கிடைத்துவிட்டால், மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேகத்தில் பூஜ்யத்தை நோக்கிப் பாய்ந்தாலும் அங்கே வில்லை அணைத்துவிடும். ஆகவே செயற்கையாக ஒரு பூஜ்யம் செய்து கொடுக்கிறார்கள். முன்கூட்டியே மின்னேற்றிய மின்தேக்கியை ஒரு மின்தூண்டி வழியாக, பழுது மின்னோட்டத்துக்கு எதிர்த்திசையில், வெற்றிடக் குழாய்க்குள் கொட்டுகிறார்கள். சில கிலோஹெர்ட்ஸ் அலையாக வரும் அந்த எதிர் மின்னோட்டம் பழுது மின்னோட்டத்தைச் சமன் செய்யும் கணத்தில் வில் அணைகிறது. மின்னோட்டம் மின்தேக்கிக்குத் தாவி, அதன் அழுத்தத்தை ஏற்றி, அரெஸ்டரிடம் போய்ச் சேருகிறது.

இதில் பெரிய கஷ்டம் தொடுமுனைகளைச் சீக்கிரம் பிரிப்பது. ஏசி பிரேக்கரின் ஸ்பிரிங் இயக்கத்துக்குப் பல பத்து மில்லி வினாடி வேண்டும். இங்கே ஒரு தட்டையான சுருளுக்குள் மின்தேக்கியிலிருந்து பெரும் மின்துடிப்பைப் பாய்ச்சி, எதிரே உள்ள உலோகத் தட்டைச் சுழல் மின்னோட்டத்தால் எகிற வைக்கிறார்கள். தாம்சன் சுருள் என்று பெயர். சில மில்லிமீட்டர் இடைவெளியை ஓரிரு மில்லி வினாடியில் திறந்துவிடும். அவ்வளவு வேகமாகக் கிளம்பியதை மறுமுனையில் துள்ளாமல் நிறுத்துவது தனிக் கலை.

இத்தனை சுற்றுவழி எதற்கு? டிரான்சிஸ்டர் வைத்து நேரடியாக அணைத்துவிட முடியாதா?

முடியும். அதுதான் குறைக்கடத்தி பிரேக்கர், சாலிட் ஸ்டேட் என்பார்கள். ஐஜிபிடி, ஐஜிசிடி என்ற பெருமின்னோட்டக் குறைக்கடத்தி சுவிட்சுகள், இப்போது சிலிக்கான் கார்பைடு என்ற பொருளில் செய்தவை. கட்டளை வந்த சில மைக்ரோ வினாடிகளில் அணைந்துவிடும். நம் உதாரணத்தில் 2,000 ஆம்பியரிலேயே பிடித்துவிட்டால் அரெஸ்டருக்கு 30 கிலோஜூல் போதும். வில் இல்லை, தேய்மானம் இல்லை.

விலை எங்கே என்றால், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண நாட்களில். 15 கிலோவோல்ட்டைத் தாங்க 4.5 கிலோவோல்ட் ஐஜிபிடிகள் ஆறைத் தொடராக வைக்க வேண்டும். இரு திசையிலும் அறுக்க வேண்டுமென்றால் எதிரும் புதிருமாக இன்னோர் ஆறு. மின்னோட்டம் எப்போதும் ஆறு டிரான்சிஸ்டர், ஆறு டையோடு வழியாகப் போகும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 30 வோல்ட் இழப்பு. 1,000 ஆம்பியருக்கு அது 30 கிலோவாட், வருடம் முழுக்க ஓடினால் சுமார் 2.6 லட்சம் யூனிட். அதைக் குளிர்விக்கத் தண்ணீர், பம்பு, விசிறி. அதே மின்னோட்டத்துக்கு ஒரு வெற்றிடக் குழாயின் மூடிய தொடுமுனையில் இழப்பு சில பத்து வாட். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று: அதன் வேகம் வெறும் பெருமைக்காக அல்ல. ஐஜிபிடி பத்திரமாக அணைக்கக்கூடிய மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டவிட்டால் பிறகு அணைக்க முடியாது, சில்லு போய்விடும். சீக்கிரம் அறுக்க வேண்டியது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

சாலிட் ஸ்டேட் பிரேக்கர் ஆஃப் ஆகிவிட்டால் கேபிளில் வேலை செய்யலாமா?

ஒருபோதும் கூடாது. அணைந்த குறைக்கடத்தியிலும் அரெஸ்டரிலும் சிறு கசிவு மின்னோட்டம் இருக்கும்; ஒரு சில்லு பழுதானால் பெரும்பாலும் அது ஷார்ட் ஆகித்தான் நிற்கும். கண்ணால் பார்க்கக்கூடிய இடைவெளி வேண்டும். ஆகவே எல்லா நவீன டிசி பிரேக்கரோடும் தொடராக ஓர் ஐசோலேட்டர் இருக்கும். மின்னோட்டம் பூஜ்யமான பிறகு அது திறக்கும். அதன்பின் எர்த் செய்ய வேண்டும். டிசி கேபிள் மின்னேற்றத்தை வெகுநேரம் பிடித்து வைத்திருக்கும்.

ஹைப்ரிட் என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன இரண்டின் நல்ல பாதிகளைச் சேர்த்தது. சாதாரண நாட்களில் மின்னோட்டம் ஓர் அதிவேக இயந்திர சுவிட்ச் வழியாகவும், அதனுடன் தொடராக உள்ள சின்னஞ்சிறு மின்னணு சுவிட்ச் வழியாகவும் போகிறது. இழப்பு மிகக் குறைவு. பழுது வந்ததும் சின்ன சுவிட்ச் அணைந்து, பக்கத்திலுள்ள பெரிய குறைக்கடத்தி அடுக்குக்கு மின்னோட்டத்தைத் தள்ளிவிடுகிறது. இயந்திர சுவிட்ச் மின்னோட்டம் இல்லாமல், வில் இல்லாமல் திறக்கிறது. அது போதுமான அளவு திறந்ததும் பெரிய அடுக்கு அணைகிறது. மிச்சம் அரெஸ்டர் பாடு. ஏபிபி நிறுவனம் 2012-ல் உயரழுத்தத்துக்கு இப்படியொன்றை அறிவித்தபோது, நூறாண்டுப் புதிர் தீர்ந்தது என்கிற அளவுக்குப் பேச்சு அடிபட்டது. பேச்சு கொஞ்சம் மிகைதான். வேலை உண்மையிலேயே நல்ல வேலை.

கவனிக்க வேண்டியது, இயந்திர சுவிட்ச் திறக்கும் அந்த இரண்டு மில்லி வினாடியிலும் பழுது மின்னோட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. நம் உதாரணத்தில் பெரிய அடுக்கு 5,000 ஆம்பியரை அணைக்கும் தகுதியோடு இருக்க வேண்டும். வருடத்தில் சில மில்லி வினாடி மட்டும் வேலை செய்யும் அடுக்குக்கு முழு விலை கொடுக்கிறோம். ஹைப்ரிட்டின் செலவு குறையாமல் இருப்பது இதனால்தான்.

ஒருவர் 5 மில்லி வினாடி போதும் என்கிறார், இன்னொருவர் 5 மைக்ரோ வினாடி வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் வெவ்வேறு வலையமைப்பை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மின்தேக்கிகள் நிறைந்த, கேபிள்கள் குட்டையான கப்பல் போன்ற இடத்தில் மின்தூண்டல் மிகக் குறைவு. மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். அங்கே குறைக்கடத்திக்கு மாற்றில்லை. நீண்ட லைன், தொடரில் மின்தூண்டி, தாங்கும் கன்வெர்ட்டர் என்றால் வெற்றிட பிரேக்கர் தாராளமாகப் போதும்.

நம் உதாரணத்தில் 5 மில்லி வினாடி எடுக்கும் இயந்திர பிரேக்கர் 11,000 ஆம்பியரை அறுக்க வேண்டும். அரெஸ்டருக்கு 900 கிலோஜூலுக்கு மேல், இறங்க இன்னும் 11 மில்லி வினாடி. முப்பது கிலோஜூலோடு ஒப்பிட்டால் பயமாக இருக்கும். ஆனால் அரெஸ்டர் மலிவு, குறைக்கடத்தி விலை அதிகம். அந்தப் 11,000 ஆம்பியரைக் கன்வெர்ட்டரின் டையோடுகள் தாங்குமா என்பதே முடிவு செய்யும் கேள்வி. தாங்கும் என்றால், நிலத்தில் உள்ள பகிர்மான லைனுக்கு நான் இயந்திர வகையையே சொல்வேன்; வருடம் முழுவதும் சும்மா சூடாகும் கருவியைவிட எப்போதாவது கடினமாக உழைக்கும் கருவி மேல்.

கன்வெர்ட்டரே மின்னோட்டத்தை நிறுத்தினால் பிரேக்கரே வேண்டாமே?

சில இடங்களில் வேண்டாம்தான். வேல்ஸில் ஆங்கிள்சி தீவையும் பிரிட்டன் நிலப்பகுதியையும் இணைத்த பழைய 33 கிலோவோல்ட் ஏசி லைனை ±27 கிலோவோல்ட் டிசியாக மாற்றினார்கள். சுமார் 30 மெகாவாட். இப்படி இரண்டே முனைகள் உள்ள இணைப்பில் பழுது விழுந்தால் முழு இணைப்பும் நின்றாக வேண்டியதுதான். பாதியைக் காப்பாற்ற வழியில்லை. ஏசி பக்க பிரேக்கரே அதைச் செய்துவிடும். 2013-ல் ஏபிபியின் 1,000 வோல்ட் டிசி அமைப்போடு வந்த டினா ஸ்டார் என்ற கப்பலும் ஃபியூஸ்களையும் கன்வெர்ட்டர் அணைப்பையும் வைத்தே பாதுகாப்பைச் சமாளித்தது.

முழுப்பால (ஃபுல் பிரிட்ஜ்) வகைக் கன்வெர்ட்டர் எதிர் அழுத்தத்தைத் தானே உருவாக்கும். அதற்குக் குறைக்கடத்திகள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், இழப்பும் கூடும். தவிர, கன்வெர்ட்டர் நிறுத்தினால் அதோடு இணைந்த எல்லாமே இருளும். மூன்று நான்கு முனைகள் வலையாகப் பின்னியிருக்கும்போது ஒரு கேபிளின் பழுதுக்காக ஊரையே அணைக்க முடியாது. பிரேக்கரின் தேவை அங்கேதான் பிறக்கிறது.

நிஜத்தில் எங்காவது பொருத்தியிருக்கிறார்களா, இல்லை எல்லாம் ஆய்வகக் கதையா?

உயரழுத்தத்தில் சீனா வெகுதூரம் போய்விட்டது. ஜோஷான் தீவுகளின் 200 கிலோவோல்ட் வலையமைப்பில் 2016-ல் ஹைப்ரிட் பிரேக்கர். நானாவோவின் 160 கிலோவோல்ட் அமைப்பில் 2017-ல் இயந்திர வகை. 2020-ல் இயங்கத் தொடங்கிய ஜாங்பெய் ±500 கிலோவோல்ட் வளையத்தில் 16 பிரேக்கர்கள், மூன்று மில்லி வினாடியில் 25,000 ஆம்பியரை அறுக்கும் தகுதியோடு.

நடுத்தர அழுத்தத்தில் ரயிலை விட்டால் எண்ணிக்கை குறைவு. சீனாவின் ஜூஹாய் நகரில் ±10 கிலோவோல்ட் பகிர்மான வலையமைப்பு ஒன்றும், ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழக வளாகத்தில் 5 கிலோவோல்ட் ஆராய்ச்சி வலையமைப்பும் உண்டு. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்பா-இ அமைப்பு 2018-ல் 1 முதல் 100 கிலோவோல்ட் வரையிலான டிசி பிரேக்கர்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சித் திட்டம் அறிவித்தது. தொழில்நுட்பம் தயார் என்றுதான் சொல்வேன். வாங்க ஆள் குறைவு. ஆள் குறைவாக இருப்பதால் விலை இறங்கவில்லை.

வலையில் பத்து பிரேக்கர் இருந்தால் எது டிரிப் ஆக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் பிரேக்கரைவிட இதுதான் கடினமான பாதி. ஏசியில், பழுதைக் கண்டு பிரேக்கருக்குக் கட்டளையிடும் ரிலேக்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நேர இடைவெளி விடுவோம். இங்கே அதற்கு நேரமில்லை. வழக்கமான உபாயம், ஒவ்வொரு லைனின் இரு முனைகளிலும் மின்தூண்டி வைப்பது. பழுது இந்த லைனுக்குள் என்றால் மின்தூண்டியின் லைன் பக்க அழுத்தம் சடாரென விழும். வெளியே என்றால் மின்தூண்டி அந்த வீழ்ச்சியை மழுங்கடித்துக் கொடுக்கும். ரிலே அந்த வித்தியாசத்தைப் பார்த்துத் தன் முனையிலேயே முடிவெடுக்கும்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லைனில் இது அழகாக நடக்கும். நடுத்தர அழுத்தத்தில் கேபிள் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். கேபிளில் சமிக்ஞை கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ வினாடியில் ஓடிவிடும். உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மின்தூண்டியைப் பெரிதாக்கினால் தெளிவு கூடும். ஆனால் அறுக்கும் மின்னோட்டம் அதேயென்றால் முன்பு பார்த்த ஆற்றல் கணக்கும் கூடும், கன்வெர்ட்டர் கட்டுப்பாடும் ஊசலாடத் தொடங்கும். குட்டையான கேபிளுக்கு இரு முனை மின்னோட்டங்களையும் ஒளியிழை வழியாக ஒப்பிடும் டிஃபரென்ஷியல் முறையே என் தேர்வு. தூரம் குறைவு என்பதால் தாமதமும் குறைவு.

ஒரு முனை (கூட்டல் அல்லது கழித்தல் கம்பி) மட்டும் மண்ணைத் தொட்டால் பிரேக்கர் டிரிப் ஆகுமா?

அமைப்பை எப்படி எர்த் செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நடுப்புள்ளியை உயர் மின்தடை வழியாக எர்த் செய்திருந்தால், முதல் துடிப்புக்குப் பிறகு பெரிய மின்னோட்டம் எதுவும் ஓடாது. பழுதான முனை பூஜ்யத்துக்குப் போகும்; மறுமுனையின் அழுத்தம் மண்ணைப் பொறுத்து இரட்டிப்பாகும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல முனையின் காப்பு இரட்டைச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அங்கும் காப்பு உடைந்தால் அது முழு ஷார்ட். எனவே பிரேக்கரை அவசரப்படுத்த வேண்டாம். எச்சரிக்கை மணி கட்டாயம் வேண்டும், இடத்தைக் கண்டுபிடிக்க ஏற்பாடும் வேண்டும்.

டிரிப் ஆனதும் ஏசி லைனில் செய்வதுபோல் உடனே மறுபடி போட்டுப் பார்க்கலாமா?

கேபிள் என்றால் போடாதீர்கள். கேபிள் பழுது தானாகச் சரியாகாது. மேல்நிலைக் கம்பியில் மரக்கிளை, மின்னல் என்றால் நியாயமான கேள்வி. அப்போது அரெஸ்டரை நினைக்க வேண்டும். ஒருமுறை விழுங்கிய வெப்பம் ஆற நேரமாகும். உடனே இன்னொரு முறை என்றால் இரட்டை அளவு வாங்கியிருக்க வேண்டும். மின்தேக்கி வைத்த வெற்றிட வகையில் அந்த மின்தேக்கியும் மறுபடி மின்னேற வேண்டும், அல்லது இரண்டாவது ஒன்று தயாராக நிற்க வேண்டும்.

இவ்வளவு பெரிய டிசி மின்னோட்டத்தை உண்டாக்கி எப்படிச் சோதிக்கிறார்கள்?

குறும்பான ஒரு வழி உண்டு. நெதர்லாந்தின் ஆர்னம் நகரிலுள்ள கெமா ஆய்வகத்தில் ஏசி ஷார்ட் சர்க்யூட் ஜெனரேட்டர்களை மெதுவாகச் சுழற்றி, 16.7 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். ஓர் அரை அலை 30 மில்லி வினாடி நீளும். சில மில்லி வினாடியில் வேலையை முடிக்கும் பிரேக்கருக்கு அந்த அலையின் ஏறுமுகப் பகுதி டிசி பழுதைப் போலவே தெரியும். அறுத்த பிறகும் மின்மூலம் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பதால் ஆற்றல் கணக்கும் நிஜத்தை ஒத்திருக்கும். வெறும் மின்தேக்கியை வைத்துச் சோதித்தால் இந்தக் கடைசிப் பகுதி கிடைக்காது. எனவே சோதனை அறிக்கையைப் பார்க்கும்போது ‘எத்தனை ஆம்பியர்’ என்பதோடு ‘எத்தனை கிலோஜூல்’ என்றும் கேளுங்கள்.

சிலிக்கான் கார்பைடு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

பாதி தீரும். ஐஜிபிடியில் மின்னோட்டம் எவ்வளவு குறைந்தாலும் ஒரு வோல்ட் அளவுக்குக் குறையாத அடிப்படை வீழ்ச்சி இருந்தே தீரும். சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வெறும் மின்தடையைப்போல் நடந்துகொள்ளும். இணையாக இன்னும் நாலு சில்லு சேர்த்தால் இழப்பு அந்த அளவுக்கு இறங்கும். மின்னோட்டம் பாதியாக இருக்கும் நேரத்தில் இழப்பு கால்வாசியாகிவிடும். 3.3 கிலோவோல்ட் வகை சந்தையில் கிடைக்கிறது. ஆனால் அரெஸ்டர் அதே அரெஸ்டர், ஐசோலேட்டர் அதே ஐசோலேட்டர், ரிலேயின் குழப்பமும் அதே குழப்பம்.

கடைசியாக ஒன்று: பெரிய மின்னோட்டத்தை அறுக்கத் தெரிந்த பிரேக்கருக்கு 50 ஆம்பியர் எம்மாத்திரம்?

இதற்கு அனுபவசாலிகளும் தலையாட்டிவிடுவார்கள். டிசியில் சிறிய மின்னோட்டம் பல சமயம் அதிகத் தொல்லை. ரயில் பிரேக்கரில் வில்லைத் தகடுகளுக்குள் தள்ளுவது அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலமே என்றேன். 50 ஆம்பியருக்கு அந்தத் தள்ளு வலு போதாது. வில் தொடுமுனைகளுக்கு நடுவிலேயே தயங்கி எரிந்துகொண்டிருக்கும். அதற்காகவே சில தயாரிப்புகளில், இயக்கத்தோடு சேர்ந்து காற்றை ஊதும் சிறு துருத்தி வைக்கிறார்கள்.

வெற்றிட வகையிலும் சிக்கல் உண்டு. 10,000 ஆம்பியருக்காக அளவெடுத்த மின்தேக்கி, 50 ஆம்பியர் ஓடும்போது எதிர் மின்னோட்டத்தைக் கொட்டினால் பூஜ்யம் அலையின் தொடக்கத்திலேயே, மிகச் செங்குத்தான இடத்தில் வந்துவிடும். குழாய் அந்தப் பூஜ்யத்தைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். அணைத்த பிறகும், 50 ஆம்பியர் அந்தப் பெரிய மின்தேக்கியை 15 கிலோவோல்ட்டுக்கு ஏற்ற வெகுநேரம் எடுக்கும். அதுவரை மின்னோட்டம் நிற்காது. கொள்முதல் ஆவணத்தில் அதிகபட்ச அறுக்கும் திறனை மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். குறைந்தபட்ச மின்னோட்டத்தில் எத்தனை மில்லி வினாடி எடுக்கும் என்று தனி வரியாகக் கேட்டு, அந்த அளவிலும் சோதித்த அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்.